பம்பரத்தில் ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

இஸ்ரேலில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ராணுவம் அழைக்கும். பெண்களுக்கு 2 ஆண்டு, ஆண்களுக்கு இரண்டரை ஆண்டுக்கும் மேல். அதை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டுத் தொண்டு செய்யப் போகிற 18 வயதுப் பிள்ளைகள் உண்டு. கைச்செலவுக்குக் காசு கிடைக்கும், சம்பளம் கிடையாது. ராணுவக் கணக்கிலும் இது கழியாது. எபிரேய மொழியில் 'ஷ்நாத் ஷெருத்', அதாவது சேவை ஆண்டு என்று பெயர். இரண்டு சொல்லும் 'ஷின்' என்ற எழுத்தில் தொடங்குவதால், போகிறவரை 'ஷின்ஷின்' என்பார்கள். பலர் உள்நாட்டிலேயே வேலை செய்கிறார்கள். 1929இல் தொடங்கிய யூத முகமை என்ற அமைப்பு, சிலரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் யூதச் சமூகங்களுக்கு அனுப்புகிறது.

அங்கே விடுதி இல்லை, உள்ளூர்க் குடும்பங்களோடுதான் வாசம். சில மாதத்துக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சிக்கல் அடுக்களையில் வரும். பாலும் கறியும் கலக்கக்கூடாது என்பது யூத ஆசாரம்; இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். மதப்பற்றில்லாத வீட்டில் வளர்ந்த பையன், ஆசாரமான வீட்டில் பால் கரண்டியை எடுத்து, கொதிக்கிற கறிச்சட்டியில் விட்டுவிடுவான். உலோகக் கரண்டியைக் கொதிநீரில் முக்கி எடுத்து மீட்கலாம். மண்பாத்திரமாக இருந்தால் மீட்க வழியில்லை. வெள்ளி சாயங்காலம் இன்னொன்று: குளிர்பெட்டியைத் திறந்தால் விளக்கு எரியும், வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் அது கூடாது. பொழுது சாய்வதற்குள் அந்த பல்பைக் கழற்றிவிடுவார்கள். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிற வீட்டில் மனத்தாங்கல் வருவதில்லை.

பகலில் பள்ளி, ஜெப ஆலய வகுப்பு, இளைஞர் மன்றம். இஸ்ரேலைப் பற்றிப் பேசுவது சுலபம். இரண்டு பக்கமும் ஒன்றென்று நினைத்திருப்பது ஒன்றாக இல்லாதபோதுதான் தடுமாற்றம்.

ஹனுக்கா பண்டிகையின் நான்கு முகப் பம்பரத்தையே பாருங்கள். வெளிநாட்டுப் பம்பரத்தில் நூன், கிமெல், ஹே, ஷின் என்ற எழுத்துகள் இருக்கும். 'அங்கே பெரிய அற்புதம் நடந்தது' என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. இஸ்ரேலில் ஷின்னுக்குப் பதில் 'பே'. காரணம், அற்புதம் நடந்தது எருசலேமில்; அவர்களுக்கு அது 'இங்கே'! எல்லாரும் நடுவில் காசோ மிட்டாயோ வைத்துச் சுற்றுவார்கள்: நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் விழுந்தால் நடுவிலிருப்பது முழுதும் நமக்கு, ஹே விழுந்தால் பாதி, ஷின் விழுந்தால் ஒன்று வைக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டி நிறையப் பம்பரம் கொண்டுவந்து வகுப்பில் கொடுத்தால், பே விழுந்த பிள்ளை 'இது என்ன எழுத்து, வைக்கணுமா எடுக்கணுமா?' என்று கேட்கும். விளையாட்டு நின்றுபோகும். என்னைக் கேட்டால், வகுப்பே அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வகைப் பம்பரத்தையும் கலந்து கொடுப்பது நல்ல உத்தி.

எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக வரும் பஸ்கா பண்டிகையிலும் இப்படித்தான். இஸ்ரேலில் 7 நாள், ஒரு இரவு விருந்து. வெளியே ஆசாரமான வீடுகளில் 8 நாள், இரண்டு இரவு விருந்து. பிறை கண்டு மாதம் பிறந்த செய்தியை எருசலேமிலிருந்து ஆள் கொண்டுபோன காலத்தில், தொலைவூர்களுக்கு அது நேரத்துக்குப் போய்ச் சேராது. சந்தேகத்துக்காக ஒரு நாள் கூட்டிக்கொண்டார்கள், பழக்கம் நிலைத்துவிட்டது. யூதரில் சீர்திருத்தப் பிரிவினர் பலர் 7 நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் தங்கியிருக்கும் வீட்டின் கணக்கு எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் திரும்பப்போகிறவருக்கு இஸ்ரேல் கணக்குதான் என்று ரபிகள் என்ற யூத மதகுருக்கள் பலர் சொன்னாலும், கூட்டிய நாளில் ஊரார் பார்க்க வேலை செய்யக்கூடாது என்பது மரபு.

பஸ்கா முடிந்து சில நாளில் போர்வீரர் நினைவுநாள். இஸ்ரேலில் இரவு 8 மணிக்கு ஒரு நிமிடமும், மறுநாள் காலை 11 மணிக்கு இரண்டு நிமிடமும் சங்கு ஊதும். நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். வெளிநாட்டில் அது சாதாரண வேலைநாள். சங்கின் பதிவை ஒலிபெருக்கியில் போட நினைப்பவர், பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று ஜன்னல் பக்கம் ஓடுவார்கள். எழுந்து நிற்கிற ஒரே ஆள், கோடை முடிந்ததும் சீருடை போடப்போகிற அந்த 18 வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

வணக்கம்.