எம்.சி.வி. 88 என்றால் விசாரணை முடிந்துவிடவில்லை

அவையோருக்கு வணக்கம்.

கொழும்பில் மருத்துவக் குறியீட்டு வேலை செய்பவர்கள் இரண்டு சாரார். வைத்தியசாலையின் மருத்துவப் பதிவேட்டு அறையில் நோயாளியின் பதிவான பெட் ஹெட் டிக்கெட்டைப் புரட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பான ஐ.சி.டி.-10 இல் நோய்க்குரிய எண் தேடுபவர்கள் ஒரு சாரார். அமெரிக்க வைத்தியசாலைகளின் பதிவுகளைத் திரையில் படித்து, அதன் அமெரிக்கப் பதிப்பான ஐ.சி.டி.-10-சி.எம். குறியீடு இடுபவர்கள் மற்றச் சாரார். இரு பக்கத்திலும் ஒரே பழக்கம் இருக்கிறது. ‘நோர்மோசைட்டிக் அனீமியா’ (செங்குழியத்தின் அளவு சாதாரணமாக உள்ள குருதிச்சோகை) என்ற எழுத்தைக் கண்டதும் கை டி64.9க்குப் போய்விடுகிறது. அகரவரிசைச் சுட்டியும் அங்கேதான் அனுப்புகிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் ‘வகை குறிப்பிடப்படாத குருதிச்சோகை’ என்பதுதான். சிறுநீரகம் பழுதடைந்தவர், குடற்புற்றுநோயாளி, நேற்று விபத்தில் குருதி இழந்தவர் மூவரும் அந்த ஒரே எண்ணுக்குள் போய்விட்டால், சுகாதார அமைச்சுக்குச் செல்லும் காலாண்டு அறிக்கையைப் படிப்பவரால் அவர்களைப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

எஃப்.பி.சி. என்ற முழுக் குருதிக் கணக்கு அறிக்கையைக் கையில் எடுங்கள். ஈமோகுளோபின் ஆணுக்கு டெசிலீற்றருக்கு 13 கிராமிலும், கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு 12 கிராமிலும், கர்ப்பிணிக்கு 11 கிராமிலும் (நடு மூன்று மாதங்களில் 10.5) குறைந்தால் குருதிச்சோகை. செங்குழியத்தின் சராசரிப் பருமனாகிய எம்.சி.வி. 80 முதல் 100 ஃபெம்டோலீற்றருக்குள் இருந்தால் அது நோர்மோசைட்டிக். எம்.சி.வி. ஒரு சராசரி என்பதை மறக்கக்கூடாது. இரும்புக் குறைபாடு குழியத்தைச் சிறிதாக்கும். பி12 குறைபாடு பெரிதாக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் சராசரி 88 என்று நல்ல பிள்ளையாக வந்து நிற்கும். அப்போது குழிய அளவுகளின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 14.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பிளட் பிக்சரில் சிறிய, பெரிய குழியங்கள் கலந்து தெரியும். ஆகவே எம்.சி.வி.யைப் பார்க்கும் கண் ஆர்.டி.டபிள்யூ.வையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரெற்றிக்குலோசைட் எனப்படும் இளஞ் செங்குழியங்களின் எண்ணிக்கை. என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான இலக்கம் இதுதான், அதிகம் தவறாக வாசிக்கப்படுவதும் இதுதான். ஒருவருக்கு ஹீமற்றோக்கிரிட் (குருதியில் செங்குழியங்களின் பங்கு) 25 சதவீதம், ரெற்றிக்குலோசைட் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அளவு ஏறத்தாழ 0.5 முதல் 2.5 என்பதால், ‘என்பு மச்சை நன்றாக வேலை செய்கிறது’ என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 4ஐ 25ஆல் பெருக்கி, சாதாரண ஹீமற்றோக்கிரிட்டான 45ஆல் வகுத்தால் 2.2. சோகை கடுமையாகும்போது இளங்குழியங்கள் முன்கூட்டியே வெளியேறி, குருதியில் கூடுதல் காலம் இளங்குழியங்களாகவே சுற்றும். அதற்காக, ஹீமற்றோக்கிரிட் 25 ஆனால் மேலும் 2ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 1.1. இது 2க்குக் கீழே இருந்தால் மச்சை தேவைக்கேற்ப உற்பத்தி செய்யவில்லை: சிறுநீரக நோய், நாட்பட்ட அழற்சி, மச்சையின் நோய் என்ற பக்கம் தேட வேண்டும். கூடுதலாக இருந்தால் குருதி இழப்பு அல்லது குழியச் சிதைவு. ஒரு விதிவிலக்கு: திடீர்க் குருதிப்பெருக்கில் முதல் சில நாட்களுக்கு ரெற்றிக்குலோசைட் உயராது. முதல் சில மணித்தியாலங்களில் ஈமோகுளோபின்கூட முழு இழப்பைக் காட்டாது.

நாட்பட்ட அழற்சியில் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது; களஞ்சியத்தில் இரும்பு இருந்தும் மச்சைக்கு வெளிவராது. அதனால் இரும்புக் களஞ்சியத்தின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் சாதாரணமாகவோ உயர்ந்தோ இருக்கும். அழற்சி இல்லாதவரில் லீற்றருக்கு 30 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைபாடு என்று சொல்லலாம். அழற்சி உள்ளவரில் 100 வரைகூட அந்தச் சந்தேகம் நீங்காது. சிறுநீரக நோயில் பிரதான காரணம், செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயற்றின் குறைவு. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நாட்பட்ட சிறுநீரக நோயாளர்களின் பதிவுகள் கைக்கு வந்தால் இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனிக் குறியீடு. உலக சுகாதார நிறுவனப் பதிப்பில், நான்காம் கட்ட நாட்பட்ட சிறுநீரக நோயால் வந்த சோகைக்கு என்18.4 டாகர் குறியீடு (மூல நோய்க்குரியது), டி63.8 அஸ்டரிஸ்க் குறியீடு (அதன் வெளிப்பாட்டுக்குரியது). அஸ்டரிஸ்க் தனித்து நிற்காது. ஒரே குறியீடு இடவேண்டிய படிவமென்றால் டாகர்தான் நிற்கும். அமெரிக்கப் பதிப்பில் இதற்குத் தனி எண்ணாக டி63.1 இருக்கிறது; அங்கும் என்18 வரிசைதான் முதலில். இரண்டு பதிப்பையும் கையாளுபவர்கள் டி63.1ஐ நம் நாட்டுப் படிவத்தில் எழுதிவிடுவதுண்டு. அந்த எண் இங்கே கிடையாது.

புற்றுநோயில் வரிசை மாறும் இடம் ஒன்று அமெரிக்கப் பதிப்பில் உண்டு. புற்றுநோயே சோகைக்குக் காரணமாகி, அந்தச் சோகைக்காக அனுமதித்தாலும் புற்றுநோய் முதலில், டி63.0 பிறகு. கீமோதெரபியால் வந்த சோகைக்காக அனுமதித்தால் டி64.81 முதலில், புற்றுநோயும் மருந்தின் பாதக விளைவுக்கான டி45.1எக்ஸ்5 வரிசையும் பின்னால். இந்த ‘டி’ ஆங்கில அகரவரிசையின் இருபதாவது எழுத்து. குருதி நோய்களின் ‘டி’ நான்காவது. தமிழில் வாய்மொழியாகச் சொல்லும்போது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஈமோகுளோபின் 12இலிருந்து 9க்கு இறங்கியிருக்கும். அதை வைத்து நாமாக டி62 போட முடியாது. ‘கடும் குருதி இழப்பால் ஏற்பட்ட சோகை’ என்று வைத்தியர் எழுதியிருக்க வேண்டும். ஆய்வுகூட இலக்கத்திலிருந்து நோயை நிர்ணயிக்கும் அதிகாரம் குறியீட்டாளருக்கு இல்லை. நமக்கு இருப்பது கேள்வி கேட்கும் உரிமை. அந்தக் கேள்வியும் விடையை வாயில் திணிப்பதாக இருக்கக்கூடாது. ‘இது சிறுநீரகச் சோகைதானே?’ என்று கேட்காதீர்கள். இப்படி எழுதுங்கள் (இதில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்): “ஈமோகுளோபின் 8.2, எம்.சி.வி. 89, ஈ.ஜி.எஃப்.ஆர். 22, ஃபெரிட்டின் 240. டயக்னோசிஸ் கார்டில் நோர்மோசைட்டிக் அனீமியா என்று மட்டும் உள்ளது. காரணம் நிர்ணயிக்கப்பட்டிருந்தால் குறிப்பிடவும். நிர்ணயிக்க முடியாவிட்டால் அதையும் எழுதவும்.” வைத்தியர் முடியவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டால், டி64.9ஐத் தயங்காமல் போடுங்கள்.