காதுக்கு மேலிருந்து வரும் கட்டளை

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதியோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் வணக்கம்.

காது பரிசோதனைக்கு வரும் குடும்பங்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "மாமாவுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேட்குது. அவருக்கு வேண்டியது மட்டும் விழும், நான் சொல்றது விழாது." மருமகள் இதைச் சொல்லும்போது அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று நான் பேச வந்தது அவருக்காகத்தான். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது எல்லோர் காதுக்கும் உள்ள வேலை. அவருக்கு அந்த வேலைதான் இப்போது சிரமமாகிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் என்று கண்டக்டர்கள் கூவுவார்கள். பஸ் ஹாரன் காதைப் பிளக்கும். சிதம்பரம் போகிறவருக்கு அத்தனை கூச்சலிலும் 'சிதம்பரம்' தனியாகக் கேட்கும். பக்கத்தில் நிற்கும் நெய்வேலிக்காரரைக் கேட்டால், அப்படி யாராவது கூவினார்களா என்பார். இருவர் செவிப்பறையிலும் மோதியது ஒரே ஒலிதான்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது மேலேறும் பாதை மட்டும். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவிலிருந்து நரம்பு, அப்புறம் மூளைத்தண்டு, நடுமூளை, மூளையின் மையத்தில் உள்ள தலாமஸ், கடைசியில் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணி. இது பாதிக் கதை. புறணியிலிருந்து இதே நிலையங்கள் வழியாகக் கீழே இறங்கும் நரம்புகளும் உண்டு. தலாமஸுக்கு மேலிருந்து இறங்கும் இழைகள், கீழிருந்து அங்கே ஏறி வரும் இழைகளைவிட அதிகம். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மூளைத்தண்டிலிருந்து காக்லியாவுக்கே போகிறது. 1946இல் கிராண்ட் ராஸ்முசென் என்ற ஆய்வாளர் அந்த இழைக்கட்டை விவரித்தார். பத்து ஆண்டு கழித்து ராபர்ட் கலம்போஸ் அதை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார். காதிலிருந்து மேலே போகும் நரம்புச் சமிக்ஞை தணிந்தது.

அது தணிவது எப்படி என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. காக்லியாவில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள், அதாவது நுனியில் மயிர் போன்ற இழைகள் உள்ள செல்கள், இரண்டு வகை இருக்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வெளிவரிசையில் சுமார் 12,000 இருந்தாலும், அவை மேலே அனுப்பும் செய்தி மிகக் குறைவு. அவற்றின் வேலை வேறு. ஒலி வரும்போது அவை நீண்டும் சுருங்கியும் அசைந்து, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. மூளைத்தண்டிலிருந்து வரும் இழைகளில் ஒரு பகுதி நேராக இந்த வெளிவரிசைச் செல்களில்தான் வந்து முடிகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும் அவை பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மின்விசிறி இரைச்சல் போல ஒரே சீராக வரும் ஒலி அமுங்க, அதன் நடுவே ஏறி இறங்கும் பேச்சு எடுப்பாகத் தெரிய இது உதவுகிறது.

மேலே புறணியில் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பேர் பேசுவதை ஒரே நேரத்தில் கேட்க வைத்து, ஒருவரை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். 2012இல் மெஸ்கரானியும் சாங்கும் வெளியிட்ட ஆய்வு இது. புறணியின் பதிவில், கவனித்தவரின் பேச்சே இருந்தது. மற்றவர் பேசியது ஏறக்குறைய இல்லாதது போல!

விட்டுப்போன ஒலியை மூளை இட்டு நிரப்பவும் செய்கிறது. 'விருத்தாசலம்' என்று கூவும்போது நடு எழுத்தை ஹாரன் விழுங்கிவிட்டாலும் நமக்கு முழு ஊர்ப்பெயரும் கேட்கும். 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லின் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமல் சத்தத்தை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள்.

சரி, பெரியவரிடம் வருவோம். வயதானால் மெல்லிய, கூர்மையான ஒலிகளுக்கான வெளிவரிசைச் செல்கள் முதலில் அழிகின்றன. மூளை கட்டளை அனுப்பினாலும் அதை நிறைவேற்றச் செல் இல்லை. ச, த, ப போன்ற ஒலிகள் மங்கிப்போக, பாதிப் பேச்சை ஊகித்தே நிரப்ப வேண்டியிருக்கிறது. ஊகிப்பது களைப்பான வேலை. அமைதியான அறையில் 'பீப்' ஒலி வைத்துச் செய்யும் பரிசோதனை இந்தக் கஷ்டத்தை முழுசாகக் காட்டாது. "காது நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

பேசும் முன் டிவியை நிறுத்துங்கள். அடுக்களையிலிருந்து கத்தாமல் அவர் முகம் தெரியும்படி வந்து நில்லுங்கள். முதலில் 'மாமா' என்று கூப்பிட்டு, அவர் திரும்பியதும் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "பென்ஷன் விஷயமா ஒண்ணு கேட்கணும்" என்று தொடங்கினாலே அவர் மூளைக்குப் பாதி வேலை மிச்சம். புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

காது மெஷின் பற்றியும் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபெரட் என்ற சிறு விலங்கை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு காதை அடைத்தால் முதலில் ஒலி வரும் திசை தெரியாமல் தடுமாறும், சில நாள் பயிற்சியில் பழகிக்கொள்ளும். புறணியிலிருந்து நடுமூளைக்கு இறங்கும் நரம்புகளை அழித்துவிட்ட விலங்குகளால் அப்படிப் பழக முடியவில்லை. மாறிப்போன ஒலிக்குக் காதைப் பழக்குவதில் இந்தக் கீழிறங்கும் பாதைக்குப் பங்கு உண்டு. மெஷின் மாட்டிய முதல் வாரத்தில் எல்லாம் தகரம் தட்டுவது போல இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். மூளைக்குப் பழக நாள் கொடுங்கள். முதலில் வீட்டில் ஒருவரோடு பேசுங்கள், அப்புறம் நாலு பேரோடு. கல்யாண மண்டபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரைச்சல் தாங்கவில்லை என்றால், வாங்கிய இடத்துக்கே திரும்பப் போய் ஒலி அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும், தயங்காமல் போங்கள்.