அவசரப் பிரிவில் யார் முதலில்? வரிசைக்குள் ஒளிந்திருக்கும் பாகுபாடு

[திரையில்: முறிந்த கை எலும்பின் எக்ஸ்ரே]

வணக்கம். எலும்பு முறிந்தால் யாருக்கும் வலிக்கும். அதில் விவாதம் இல்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கை கால் முறிந்து வந்த 139 பேரின் கோப்புகளை ஒரு மருத்துவர் குழு புரட்டிப் பார்த்தது. முடிவு 1993இல் வெளியானது. வலி மருந்து எதுவுமே கிடைக்காதவர்கள் வெள்ளையரில் 26 சதவீதம், ஸ்பானிய வம்சாவளியினரில் 55 சதவீதம்.

டொக்டர்மாருக்கு அவர்களின் வலி விளங்கவில்லையோ? அடுத்த வருடமே அதையும் சோதித்தார்கள். நோயாளி சொன்ன வலியையும் டொக்டர் கணித்த வலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு பிரிவினருக்கும் கணிப்பு ஒரே அளவில்தான் இருந்தது. இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது இந்த இடம்தான். வலியைக் கணிப்பதில் கோளாறு இல்லையென்றால், மருந்து எங்கே தடைப்பட்டது?

[திரையில்: 1 முதல் 5 வரை எண்கள்]

அவசரப் பிரிவு கூட்டுறவுக் கடை வரிசை அல்ல, முதலில் வந்தவருக்கு முதலிடம் கிடைக்காது. வாசலில் இருக்கும் தாதி நாடித்துடிப்பு, பிரஷர், காய்ச்சல், ஒக்சிஜன் பார்ப்பார். இரண்டு மூன்று கேள்வி கேட்பார். ஆளை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு எவ்வளவு அவசரம் என்று ஒரு படி கொடுப்பார். அமெரிக்காவில் பெரும்பாலும் ஐந்து படி. மூச்சு நின்றவர் 1, சின்னக் காயம் 5. இந்த இரண்டிலும் குழப்பம் குறைவு. சிக்கல் 2க்கும் 3க்கும் நடுவில். 2 என்றால் உடனே உள்ளே, 3 என்றால் கதிரையில் உட்காரலாம். அதை முடிவு செய்வதில் எண்களோடு சேர்ந்து, அந்தத் தாதியின் மனதில் ஏற்கெனவே படிந்திருப்பதும் வேலை செய்கிறது.

வடக்குக் கலிபோர்னியாவில் 21 ஆஸ்பத்திரிகளுக்கு 2016 முதல் 2020 வரை வந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத் தவறான படி கொடுக்கப்பட்டிருந்தது. கூடுதலும் அவசரமில்லாதவரை மேலே போட்ட தவறுதான், அது பரவாயில்லை. ஆபத்தில் இருப்பவரைக் கீழே போடுவதுதான் உயிரோடு விளையாடும் தவறு. அது மொத்தத்தில் 3 சதவீதம் அளவுதான். ஆனால் வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவருக்கு அது நேரும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம்.

[திரையில்: விரலில் மாட்டும் ஒக்சிஜன் கருவி]

சரி, கருவியாவது நடுநிலையாக இருக்குமா? இந்தச் சின்னக் கருவி விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ஒக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுவதால், கறுத்த விரலில் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். கருவி ஒக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியவர்களின் இரத்தத்தை நேரே சோதித்தார்கள். உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7. இது 2020இல் வந்த கணக்கு. மறுவருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுபற்றி எச்சரித்தது. கடல் வெயிலில் கறுத்த நம்மவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டியதுதான்.

[திரையில்: திருகோணமலை மாவட்ட வரைபடம், மூதூர், கிண்ணியா, கந்தளாய், வெருகல்]

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவில், தமிழர் 30, சிங்களவர் 27. எவரும் பாதியைத் தாண்டவில்லை. இங்கே இனத்துக்கு இனம் தோல் நிறம் பெரிதாக மாறுவதில்லை. வாசலில் முதலில் இடறுவது மொழி.

வெருகலில் இருந்து வந்த ஓர் அம்மா, "விடியக்காலையில இருந்து நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது மிஸ், கையும் விறைக்குது" என்கிறார் என்று வையுங்கள். கேட்பவர் குருநாகலில் இருந்து மாற்றலாகி வந்த, சிங்களம் மட்டும் தெரிந்த தாதி. பக்கத்தில் நிற்கும் ஒருவர் உதவிக்கு வந்து, நெஞ்செரிச்சலாம் என்று சுருக்கிவிடுகிறார். கை விறைப்பு காற்றோடு போயிற்று. கந்தளாயில் இருந்து வரும் சிங்கள விவசாயிக்கு, தமிழ் மட்டும் தெரிந்த தாதி முன்னால் நடப்பதும் இதுவேதான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. நடுச்சாமம் இரண்டு மணிக்கு அந்தக் கதிரையில் திருத்தம் உட்காராதே!

மொழி தெரிந்தவர் எவரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதும் ஆபத்து. அமெரிக்காவில் குழந்தை நோயாளிகளின் 13 உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்ததில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. 2003இல் வந்த ஆய்வு இது.

ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நோயாளி பேசும் மொழி, வந்த நேரம், முதல் வலி மருந்து கொடுத்த நேரம், இந்த மூன்றையும் டிக்கெட்டில் எழுதிவைத்தாலே போதும், பிறகு எவரும் கணக்குப் பார்க்கலாம்.

உங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். வருத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே பரவுகிறது, வியர்த்ததா என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள், முடிந்தால் இரண்டு மொழியிலும். அப்புறம், கொடுத்த படி கல்லில் வெட்டிய எழுத்தல்ல. காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சத்தம் போட வேண்டியதில்லை. "மிஸ், வந்த நேரத்தைவிட இப்ப கூடிட்டுது, ஒருக்காத் திரும்பப் பாருங்க" என்றால் போதும்.