லப்–டப்புக்கு நடுவே ஒரு 'ஷ்ஷ்'

(ஒலி: லப்–டப்… லப்–டப்…)

நல்ல ஆரோக்கியமான ஒரு நாயின் இதயம் இது. இதயம் சுருங்கும் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கேட்பது கதவு சாத்தும் சத்தம். இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகள் மூடும்போது 'லப்'. பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது 'டப்'. மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகி, விடும்போது மெதுவாகிறதா? பயப்பட வேண்டாம், நாய்களுக்கு அது இயல்பு.

(ஒலி: லப்–ஷ்ஷ்–டப்…)

இப்போது கேட்டீர்களா? நடுவில் வரும் அந்த 'ஷ்ஷ்'தான் மர்மர். சீராக ஓட வேண்டிய ரத்தம் எங்கோ சுழித்து ஓடுகிறது. வயதான சிறிய இன நாய்களில் பெரும்பாலும் மைட்ரல் வால்வு தடித்து, முழுதாக மூடாமல் பின்னோக்கிக் கசிவதால் வருவது இது. இடது முழங்கை மார்பைத் தொடும் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நன்றாகக் கேட்கும்.

(திரையில்: 1 முதல் 6 வரை எண்கள்)

சத்தத்துக்கு 1 முதல் 6 வரை தரம் உண்டு. 1 என்றால், அமைதியான அறையில் காதைக் கூர்மையாக்கினால்தான் பிடிபடும். 5-க்கு வந்துவிட்டால் மார்பில் வைத்த உள்ளங்கையிலேயே அதிர்வு தெரியும். 6-ல், ஸ்டெதாஸ்கோப்பை மார்பிலிருந்து லேசாகத் தூக்கினாலும் சத்தம் நிற்காது.

சரி, எண் பெரிதானால் நோயும் பெரிதா? மைட்ரல் கசிவில் ஓரளவுக்கு ஆமாம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்த குட்டியிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். இடைவெளி குறையக் குறையச் சீற்றம் கூடும். அதுபோல, சின்ன ஓட்டைதான் காதைப் பிளக்கும். பெரிய ஓட்டை அடக்கமாக இருந்து ஏமாற்றும்.

பூனைகள் இன்னும் மோசம்! இதயத் தசை தடித்துப்போன பூனையிடம் மர்மரே கேட்காமல் போகலாம். மர்மர் கேட்கும் பூனையின் இதயம் நன்றாகவும் இருக்கலாம். எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எதுவுமே கேட்க விடாமல் 'குர்குர்' என்று வேறு உறுமிக்கொண்டிருக்கும். அப்போது பக்கத்தில் உள்ள குழாயைத் திறந்துவிடுவோம். தண்ணீர் கொட்டும் சத்தத்தில் பல பூனைகள் சட்டென்று உறுமலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். கேட்பதை அதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.