வாடகை வீடு, தினமும் 75 கிலோமீட்டர்: எந்த மின்சாரக் கார் எடுக்கலாம்? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, திருநகர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். "அண்ணே, நான் மேலூர் பக்கம் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். போக வர தினம் 75 கிலோமீட்டர். வீட்டுல நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பிள்ளைக, மாமியார். மாசம் ஒருக்கா ராஜபாளையம் போவோம், லீவுக்கு கொடைக்கானல். பத்து லட்சத்துக்குள்ள மின்சாரக் கார் பாக்குறோம். எம்ஜி கம்பெனியோட காமெட் 4.99 லட்சம்னு விளம்பரம் வருது. அது எடுக்கவா, டாடா டியாகோ ஈவி எடுக்கவா, இல்ல டாடாவோட பழைய நெக்ஸான் ஈவி பாக்கவா? வாடகை வீடுதான், மாடியில இருக்கோம், கீழ ஓனர்."

கடைசியில போற போக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டீங்க பாருங்க, வாடகை வீடு, கீழ ஓனர்னு. அதுலதான் விசயமே இருக்கு. ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி மீட்டர் பெட்டிகிட்ட போய் நில்லுங்க. உங்க போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கா? இருந்தா நல்லது. அதுல இருந்து கார் நிக்கிற இடத்துக்கு ஒரு தனி வயர் இழுக்கணும், ஓனர் சம்மதிக்கணும், அவ்வளவுதான். ஒரே மீட்டரை ரெண்டு வீடும் பங்கு போடுறீங்கன்னா யோசிங்க. ஏன்னா ஈபில ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுனா, கீழ் அடுக்குல இருக்குற யூனிட்டுக்கும் சேத்து ரேட் கூடிரும். உங்க காரால ஓனர் பில்லும் ஏறும். சப்-மீட்டர் வச்சாலும் அந்தச் சண்டை தீராது.

வயர்னு சொன்னேன்ல, அதை அசட்டையா விட்டுறாதீங்க. கார்கூட வர்ற போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்ல மாட்டுறது. கெய்சருக்கு வச்சிருக்கோமே, அதே பெரிய பிளக்தான். ஆனா கெய்சர் கால் மணி நேரம் ஓடும். கார் அஞ்சு மணி நேரம், எட்டு மணி நேரம் விடாம இழுக்கும். லோக்கல் சாக்கெட்டா இருந்தா அந்தப் பித்தளைப் பட்டி சூடாகி இளகி, பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒருநாள் கருகும். அதனால 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், அதுக்குன்னு தனி எம்சிபி, அதாவது லோடு கூடுனா தானா அணையுற சுவிட்ச், கூடவே கரண்ட் கசிஞ்சா அணைச்சு விடுற ஆர்சிசிபி, நல்ல கம்பெனி சாக்கெட். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தாப் பரவாயில்லை. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டா அப்பவே நிப்பாட்டிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

அப்புறம் எர்த். நம்ம பக்கம் பழைய வீடுகள்ல எர்த் பேருக்குத்தான் இருக்கும். சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருச்சுன்னா எர்த் குழி இருந்தும் பிரயோசனம் இல்லை. சார்ஜர் சிவப்பு லைட்டைக் காட்டிட்டு ஏத்த மாட்டேன்னு நின்னுரும். காரு ரிப்பேர்னு சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவாங்க. ரெண்டு குடம் தண்ணியை எர்த் குழியில ஊத்துனா சில வீட்டுல சரியாப் போகும். ஆனா வேனல் முழுக்க குடம் தூக்க முடியாதுல்ல, எலக்ட்ரீசியனை வச்சு எர்த்தைப் புதுசாப் போட்டுருங்க.

சரி, ஓனர் சரின்னுட்டாரு. இப்பக் காருக்கு வருவோம்.

பேட்டரி அளவை கிலோவாட் அவர்னு சொல்லுவாய்ங்க. குழம்பாதீங்க, அது நம்ம ஈபி யூனிட்தான். 24 கிலோவாட் அவர்னா 24 யூனிட் பிடிக்கிற பேட்டரி. டியாகோ ஈவி 2022ல வந்தப்ப 19.2, 24னு ரெண்டு பேட்டரி. பெருசுக்கு 315 கிலோமீட்டர்னு சொன்னாங்க. அது லேப்ல ரோலர் மேல ஓட்டி எடுக்குற எண். மாட்டுத்தாவணி சிக்னல்ல ஏசி போட்டு அஞ்சு பேரோட நிக்கிற எண் இல்ல. எந்தக் கம்பெனி எண்ணா இருந்தாலும் அறுபது சதவீதம்னு வச்சுக்கங்க, ஏமாற மாட்டீங்க. அப்படிப் பாத்தா 180, 190. உங்க 75க்கு ஒன்பது, பத்து யூனிட் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு மாட்டுனா விடிய முன்னாடி ஏறிரும். 19.2 பேட்டரியும் 75க்குப் போதும்தான், ஆனா வருசம் போகப் போக பேட்டரி கொஞ்சம் குறையும், ராஜபாளையமும் இருக்கு. பெருசையே எடுங்க.

காமெட். சின்னக் கார், நீளம் மூணு மீட்டருக்கும் குறைவு. மாசி வீதியில வண்டி விட இதை மாதிரி சௌகரியம் கிடையாது. ஆனா நாலு பேருக்குத்தான் சீட்டு, உங்க வீட்டுல அஞ்சு பேரு. கதவு ரெண்டுதான். முன் சீட்டைச் சாய்ச்சு, மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு குனிஞ்சு பின்னாடி போகணும். ஒருவாட்டி போவாங்க, மறுவாட்டி பஸ்லயே வர்றேன்னுருவாங்க. ரோட்டோரம் சீக்கிரமா ஏத்துற டிசி பாஸ்ட் சார்ஜும் இதுல ஏறாது. கணவன் மனைவி மட்டும் டவுனுக்குள்ளயே சுத்துறவங்கன்னா தாராளமா எடுக்கலாம்.

அந்த 4.99 லட்சத்தையும் சொல்லிர்றேன். அது பேட்டரி இல்லாத விலை. பேட்டரி வாடகைக்கு. 2024ல அறிவிச்சப்ப கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். நீங்க மாசம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுவீங்க. அப்ப 5,000 ரூபாய் வாடகை, கரண்ட் பில் தனி, காருக்கு லோன் போட்டா அந்த இஎம்ஐ தனி. கம்மியா ஓட்டுறவங்களுக்குத்தான் இந்தத் திட்டம் சரி வரும்னு சேல்ஸ்ல சொல்லுவாய்ங்க, அவங்களுக்கும் மாசம் குறைஞ்சது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டணும்னு கண்டிசன் இருக்கும். கேட்டுக்கங்க.

பழைய நெக்ஸான் ஈவி, 2020 ஜனவரியில வந்தது, 30.2 யூனிட் பேட்டரி. இடவசதிக்கு டியாகோவை விட நல்லது, சந்தேகமே இல்லை. ஆனா ஆளு விக்கிறப்ப சொல்ற கிலோமீட்டரைப் பாக்காதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டு பேட்டரி எந்த நிலைமையில இருக்குன்னு எழுத்துல வாங்குங்க. எட்டு வருச பேட்டரி வாரண்டி உங்க பேருக்கு மாறுமான்னு அதையும் எழுத்துல வாங்குங்க. ரெண்டும் கிடைச்சா எடுங்க, ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம்.

கரண்ட் செலவு கேப்பீங்க. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட், காருக்கு 570னு வச்சுக்கங்க. மேல் அடுக்குல யூனிட் பத்து ரூபாய் தாண்டும், இருந்தாலும் காருக்குன்னு கூடுறது அஞ்சாயிரம் வாக்குலதான். 4,000 கிலோமீட்டருக்கு அஞ்சாயிரம். இதையே பெட்ரோல்ல ஓட்டுனா இருபதாயிரத்துக்கு மேல. ரோட்டோர பாஸ்ட் சார்ஜர்ல யூனிட் விலை வீட்டை விட நல்லாவே கூட வரும், தினம் அதை நம்பி கார் எடுக்காதீங்க. வீட்டுல பிளக் கிடைக்கலைன்னா நான் தெளிவாச் சொல்றேன், பெட்ரோல் காரே எடுங்க. ஜிஎஸ்டி மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். லோன் வட்டிக்கு இருந்த 80இஇபி வரிச் சலுகை 2023 மார்ச் 31க்குள்ள லோன் சாங்சன் ஆனவங்களுக்குத்தான், யாராவது அதைச் சொல்லி வித்தா நம்பாதீங்க.

ராஜபாளையம் போக வர 160. ஒரே சார்ஜ்ல இழுத்துப் பிடிச்சு வந்துறலாம், ஆனா அந்த டென்சன் எதுக்கு? அங்க வீட்டுல ராத்திரி தங்குவீங்கல்ல, 15 ஆம்பியர் பிளக்ல மாட்டிருங்க. தோட்டத்து மோட்டார் ஷெட்டுல மட்டும் மாட்டாதீங்க. அது விவசாயத்துக்குக் குடுக்குற இலவச கரண்ட், கார் ஏத்துறது சட்டப்படி தப்பு.

கொடைக்கானல்தான் கணக்குப் பாக்கணும். 120 கிலோமீட்டர்தானேன்னு கிளம்பிறாதீங்க. ஆள், சாமானோட ஒன்றரை டன் வண்டி ரெண்டாயிரம் மீட்டர் மேல ஏறணும், அந்த ஏத்தத்துக்கு மட்டும் ஒன்பது யூனிட் வாக்குல தனியாப் போகும். சமதரையில அந்தத் தூரத்துக்கு ஆகுற பதிமூணு, பதினாலு யூனிட்டோட கூட்டுனா 24 பேட்டரி அங்கயே காலி. அதனால மலை ஏறுறதுக்கு முன்னாடி வத்தலக்குண்டு பக்கம் எங்க சார்ஜர் வேலை செய்யுதுன்னு ஆப்ல பாத்து, காபி சாப்பிடுற நேரம் நிப்பாட்டி ஏத்திக்கங்க. திரும்புறப்ப மேல 100 சதவீதம் வரைக்கும் ஏத்தாதீங்க, 80 போதும். இறக்கத்துல மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு பேட்டரியை ஏத்தும், அதுக்குப் பேரு ரீஜென். பேட்டரி நிறைஞ்சிருந்தா அது பிடிக்காது, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வரணும். இடம் விட்டு வச்சீங்கன்னா இறங்க இறங்கக் கொஞ்சம் ஏறிக்கிட்டே வரும்.

ஆக உங்களுக்கு டியாகோ ஈவி, 24 பேட்டரி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கா, பஞ்சர் கிட் மட்டுமான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. ஓனர் என்ன சொன்னாருன்னு கமெண்ட்ல போடுங்கம்மா. அடுத்து உசிலம்பட்டியில இருந்து ஒரு தம்பி, ஏழு வருசப் பழைய டீசல் வண்டியைக் குடுத்துட்டு எக்ஸ்சேஞ்ச்ல எடுக்கலாமான்னு கேக்குறாரு.