கார்ப்பரல் ஜேசன் டன்ஹம்: ஒரு ஹெல்மெட்டின் துண்டு

[காட்சி: குன்றுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். சின்னத் தபால் நிலையம்.]

நியூயார்க் மாநிலம் என்றதும் விண்ணை முட்டும் கட்டடங்களை நினைக்காதீர்கள். இந்த ஊர் சையோ. பென்சில்வேனியா எல்லைக்கு அருகே இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. இந்தத் தபால் நிலையத்துக்கு ஒருவருடைய பெயரைச் சூட்ட அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் ஜேசன் டன்ஹம்.

1981 நவம்பர் 10 அன்று பிறந்தார். கடல்வழித் தாக்குதலுக்கென்றே உள்ள அமெரிக்க ராணுவப் பிரிவான மரைன் படையின் பிறந்தநாளும் நவம்பர் 10 தான். பள்ளி பேஸ்பால் அணியில் மட்டையடிச் சராசரியில் சாதனை படைத்த பையன். 2000-இல் மரைன் படையில் சேர்ந்தார். 2004 ஜூலையில் அவருடைய பணிக்காலம் முடிந்திருக்கும். ஈராக்கில் தன் குழுவினரைப் பாதியில் விட்டுவர மனமில்லாமல் தாமாகவே அதை நீட்டித்துக்கொண்டார். என்னை உலுக்குவது இந்த முடிவுதான்.

[காட்சி: வரைபடம். ஈராக், சிரியா எல்லை.]

2004 ஏப்ரல் 14. சிரியா எல்லையை ஒட்டிய கராபிலா. சற்றுத் தொலைவில் சண்டை மூண்டதால், வெளியேறப் பார்த்த வாகனங்களை ஜேசனின் குழு நிறுத்திச் சோதிக்கத் தொடங்கியது. ஒரு வண்டியிலிருந்து பாய்ந்தவன் ஜேசனைத் தாக்கினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அப்போது அவன் கையிலிருந்து ஒரு எறிகுண்டு நழுவியது.

எறிகுண்டின் மீது ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் தப்ப முடியுமா? சில வாரங்களுக்கு முன்பு முகாமில் இந்தப் பேச்சு வந்தபோது, முடியும் என்று வாதிட்டவர் ஜேசன். ஹெல்மெட் கெவ்லார் என்ற மிக வலுவான செயற்கை இழைகளால் ஆனது. பறந்து வரும் சிதறல்களைத் தாங்கவே அது செய்யப்பட்டது. தனக்கு அடியிலேயே வெடிக்கும் குண்டை அடக்குவது அதன் வேலையல்ல.

ஜேசன் தோழர்களுக்குக் குரல் கொடுத்தார். ஹெல்மெட்டைக் குண்டின் மேல் கவிழ்த்தார். அதற்கு மேல் தன் உடலையும் போட்டார்.

ஹெல்மெட் நார் நாராகக் கிழிந்தது. அருகில் இருந்த இரண்டு மரைன்கள் காயத்தோடு உயிர் பிழைத்தார்கள். ஜேசனுக்கு நினைவு திரும்பவேயில்லை. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, மேரிலாந்தின் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில், பெற்றோர் அருகில் இருக்க உயிர் பிரிந்தது. வயது 22. சொந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

2007 ஜனவரி 11 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் புஷ் அவருடைய பெற்றோரிடம், அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை அளித்தார். ஈராக் போருக்காக ஒரு மரைனுக்குக் கிடைத்த முதல் மெடல் ஆஃப் ஹானர் அது.

[காட்சி: கப்பல் கட்டும் தளம். மெயின் மாநிலம், பாத் நகரம்.]

பிறகு ஒரு போர்க்கப்பல். சுமார் 155 மீட்டர் நீளம். 2009 ஆகஸ்ட் 1 அன்று அதற்குப் பெயர் சூட்டியவர் ஜேசனின் தாய் டெப். பெற்ற பிள்ளைக்கு ஒருமுறை வைத்த பெயரை, இப்போது இரும்பாலான ஒரு கப்பலுக்கு வைத்தார். அந்த ஹெல்மெட்டின் ஒரு துண்டை அந்தக் கப்பலின் கொடிமரத்துக்குள் பதித்திருக்கிறார்கள்.

2010 நவம்பர் 13 அன்று கப்பல் கடற்படைப் பணியில் சேர்ந்தது. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் ஜேசனை நேரில் பார்த்ததில்லை. எந்தக் கப்பலில் வேலை என்று யாராவது கேட்டால், அவர்கள் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

[காட்சி: கொடிமரம், அதன் பின்னால் கடல்.]