பட்டாளத்துப் பையனுக்கு நினைவுக்கல்: எழுத்து நிக்கணும்னா என்ன செய்யணும்?

வணக்கம் மக்களே. ஏற்காடு அடிவாரத்துல ஒரு கல் பட்டறையில நிக்குறோம். மலை மேல ஒரு ஊர்ல, பட்டாளத்துல இருக்கும்போதே தவறிப்போன சின்னப் பையனுக்கு, முதல் வருஷ நினைவு நாளுக்குள்ள கல் நிக்கணும். பேரைக் காட்டல, வேலையை மட்டும் பாப்போம்.

கல்லுக்கு முன்னாடி வாசகம். அஞ்சலி ஃபிளெக்ஸைப் பாத்து எழுதிக் குடுத்துடாதீங்க. அது ராத்திரியோட ராத்திரியா அடிச்சது, பதவியே மாறிக் கிடக்கும். பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தை எடுங்க. படை எண், பதவி, யூனிட், இறந்த தேதி எல்லாம் அதுல உள்ளபடியே. பிறந்த தேதிலதான் சிக்கல். பட்டாளத்துல ஏறுனது பள்ளிக்கூட சர்டிபிகேட் தேதி, அம்மா சொல்றது வேற. ரெக்கார்டு தேதியைப் போட்டுட்டு வயசை விட்டுடுங்க.

'தியாகி' வேண்டாம்ங்கிறது என் கருத்து. நம்ம ஊர்ல அது சுதந்திரப் போராட்டக்காரங்களுக்கு நிலைச்சுப்போன வார்த்தை. சண்டையில போனா 'வீரமரணம்'. விபத்து, நோய்னா 'பணியின்போது உயிர்நீத்தார்'. அதுல ஒரு குறைச்சலும் இல்லைங்க. நாலு சிங்க அரசுச் சின்னத்தை இஷ்டத்துக்குப் பொறிக்க, அதைத் தப்பாப் பயன்படுத்துறதைத் தடுக்குற 2005 சட்டம் விடாது.

வாட்ஸ்அப்ல வர்றது யூனிகோடு. எழுத்து அச்சை வெட்டுற கட்டர் மெஷின்ல பல இடத்துல இன்னும் யூனிகோடுக்கு முந்தின பழைய ஃபாண்ட்தான். அப்படியே ஒட்டுனா 'கொ' உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அசல் அளவுல பிரிண்ட் எடுத்து, வீட்டுல ரெண்டு பேர் எழுத்துக்கூட்டிப் படிச்சுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டணும்.

கிட்ட வாங்க. இது ரப்பர் ஸ்டென்சில். மேல மணலைக் காத்தோட பீச்சினா, வெட்டி எடுத்த இடம் மட்டும் குழியும். இந்த 'ண' சுழிக்குள்ள மிளகு அளவுல ஒரு துண்டு தனியா நிக்குது பாருங்க. அது பிச்சுக்கிச்சுன்னா சுழியே வெறும் பள்ளம். அதான் முக்கால் அங்குலத்துக்குக் குறைச்சு எழுத்து வைக்காதீங்க. பேரு மட்டும் 2 அங்குலம். ஆழம் 3 மில்லி. லேசர்ல கீறுனது மேல்தோல்தான், ஏற்காட்டு ஈரத்துல பாசி படிஞ்சா படிக்க முடியாது. தர்மபுரிப் பக்கத்து நடுகல்லுங்க ஆயிரம் வருஷம் தாண்டியும் படிக்கிற மாதிரி நிக்குது. எழுத்து தெரியணும்னு அதுல தங்கப் பெயிண்ட்டா அடிச்சிருக்கு?

கல்லு 3 அடி உயரம், 2 அடி அகலம், 2 அங்குலத் தடிமன். கணக்குப் போட்டா ஒரு கன அடி, எடை 75 கிலோ சொச்சம். இதுல ஒரு வேடிக்கை. ஏற்காடு இருக்குற நம்ம சேர்வராயன் மலைப் பாறைக்குப் பேரு சார்னக்கைட். கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக்கோட கல்லறைக் கல்லு இந்த இனம், அவர் பேரையே பாறைக்கு வெச்சுட்டாங்க.

மேல போக 20 கொண்டை ஊசி வளைவு. கல்லைப் படுக்க வெச்சா குலுங்கிக் குலுங்கி நடுவுல விரிசல் விட்டுடும். மரச்சட்டத்துல சாய்ச்சு நிறுத்தி, அடியில சாக்கு குடுத்துக் கட்டணும்.

நிறுத்தற இடம் பட்டாவா, புறம்போக்கான்னு முதல்லயே பாத்துடுங்க. அஸ்திவாரம் 2 அடி, கான்கிரீட் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4, குறைஞ்சது 7 நாள் தண்ணி விடணும். கல்லோட அடியில ரெண்டு துளை போட்டு, 12 மில்லி எவர்சில்வர் கம்பியை எபாக்சி பசை ஊத்தி இறக்குவாங்க. காசு மிச்சம்னு இரும்புக் கம்பி போட்டா, துருப்பிடிச்சுப் பருத்து கல்லையே பிளந்துடும். கல் நிக்குற மேடையோட மேல்பக்கம் வெளிப்பக்கமா வாட்டமா இருக்கட்டும், தண்ணி தேங்கக் கூடாது.

மாலைக்குக் கொக்கியை மேடையில வைங்க, கல்லுல பிறகு துளை போடாதீங்க. விளக்குல இருந்து சிந்துற எண்ணெய்க் கறைக்கு சமையல் சோடாவைக் குழைச்சு அப்பி, பாலிதீன் போட்டு மூடி, ஒரு நாள் கழிச்சு எடுங்க. ஆசிட் மட்டும் வேண்டாம், பாலிஷும் போயிடும், இணைப்பு சிமெண்ட்டும் அரிக்கும்.

பட்டறை அண்ணன் மணல் பீச்சுற கம்ப்ரசரைப் போடறாரு. இனிமே நான் பேசுறது கேக்காது, கையை மட்டும் பாருங்க.